கிராம்பு, ஓமம், கற்பூரவல்லி: சமையல் மூலிகைகளின் பாக்டீரியா எதிர்ப்பைச் சோதிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

நறுமண எண்ணெய் தண்ணீரில் சரியாகக் கரையாது. திறந்து வைத்தால் பறந்துவிடும். இந்தச் சோதனைகளில் வரும் தவறுகளில் பெரும்பகுதி இந்த இரண்டில் ஒன்றை மறப்பதால்தான் வருகிறது. ஆன்டிபயாடிக் மருந்துகளுக்காக உருவாக்கிய முறைகளை அப்படியே எடுத்து எண்ணெய்க்குப் பயன்படுத்துகிறோம். ஆன்டிபயாடிக் டிஸ்க்கில் (மருந்து ஏற்றிய சிறு தாள் வட்டு) இருக்கும் மருந்து, பாக்டீரியா வளர்க்கும் ஜெல்லியான அகாரின் ஈரத்தில் கரைந்து பரவும். கிராம்பு எண்ணெய் அப்படிப் பரவாது. அதனால் பிளேட்டில் டிஸ்க்கைச் சுற்றித் தெரியும், பாக்டீரியா வளராத வளையத்தின் அளவை மட்டும் வைத்து எந்த மூலிகை வீரியமானது என்று சொல்லிவிட முடியாது.

இளநிலை, முதுநிலை நுண்ணுயிரியல் புராஜெக்ட் செய்பவர்களை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டிருக்கிறது. ஆட்டோகிளேவ், இன்குபேட்டர், லாமினார் ஏர்ஃப்ளோ, மைக்ரோபிப்பெட் உள்ள சாதாரணக் கல்லூரி லேப் போதும். வீட்டில் செய்யும் சோதனை அல்ல இது. நோய் உண்டாக்கும் பாக்டீரியாவான ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸை வீட்டில் வளர்க்கக் கூடாது.

எந்த மூலிகை, எந்தப் பொருள்

கிராம்பு மொட்டின் எண்ணெயில் 70 முதல் 90 சதவீதம் வரை யூஜினால். ஓம எண்ணெயில் முக்கியமானது தைமால். அதோடு காமா டெர்பினீனும் பாரா சைமீனும் இருக்கும். கற்பூரவல்லிக்குச் சில ஊர்களில் ஓமவல்லி என்றே பெயர். இலையைக் கசக்கினால் ஓம வாசனை வருவதற்குக் காரணம் அதிலுள்ள கார்வக்ரால் அல்லது தைமால்தான். எது அதிகம் என்பது செடிக்குச் செடி, ஊருக்கு ஊர் மாறும். துளசியில் யூஜினாலும் மெத்தில் யூஜினாலும் மாறி மாறி மேலோங்கும்.

பட்டை வாங்கும்போது பெயரில் கவனம் வேண்டும். கடையில் லவங்கம் என்றால் கிராம்பு, லவங்கப்பட்டை என்றால் பட்டை. எண்ணெய்ப் பாட்டிலில் வெறுமனே 'லவங்க எண்ணெய்' என்று எழுதியிருந்தால் எதை வாங்கியிருக்கிறோம் என்று தெரியாது. பட்டை எண்ணெயிலும் இரண்டு வகை உண்டு. கறுவா மரத்தின் பட்டையில் எடுத்தது சின்னமால்டிஹைடு நிறைந்தது. அதே மரத்தின் இலையில் எடுத்ததில் யூஜினால்தான் மிகுதி, முகர்ந்தாலே கிராம்பு வாசனை தெரியும். இரண்டையும் 'சின்னமன் ஆயில்' என்றே விற்கிறார்கள்.

யூஜினால், தைமால், கார்வக்ரால் மூன்றும் ஃபீனால் வகை. பாக்டீரியாவின் செல் சவ்வுக்குள் புகுந்து அதைத் தளர்த்துகின்றன. பொட்டாசியம் அயனிகள் வெளியே கசிகின்றன, செல்லின் ஆற்றல் இருப்பு குறைகிறது. கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவுக்கு வெளிச்சவ்வு என்ற கூடுதல் தடுப்பு இருப்பதால் அவை பொதுவாக அதிகம் தாக்குப்பிடிக்கும். சூடோமோனாஸ் ஏருஜினோசாவுக்கு அதோடு உள்ளே வந்ததை வெளியே தள்ளும் பம்புகளும் உண்டு. அது எந்த எண்ணெய்க்கும் எளிதில் மசியாது. உங்கள் முடிவில் சூடோமோனாஸ் மற்றெல்லாவற்றையும் விட எளிதாகச் செத்திருந்தால் மகிழ்வதற்கு முன், வளர்த்து வைத்த பாக்டீரியாவை, அதாவது கல்ச்சரைச் சோதியுங்கள்.

பூண்டு தனி ரகம். அல்லிசின் முழுப் பல்லில் இல்லை. நசுக்கும்போது அல்லினேஸ் என்ற நொதி அல்லினின் மேல் வேலை செய்துதான் அது உருவாகிறது. நசுக்கி 10 நிமிடம் விட்டுவிட்டுக் குளிர்ந்த நீரில் எடுக்க வேண்டும், அன்றே சோதிக்க வேண்டும். முழுப் பல்லை முதலில் வேகவைத்தால் நொதி செத்துவிடும். வடித்தெடுத்த பூண்டு எண்ணெயில் இருப்பது அல்லிசின் அல்ல, டைஅல்லில் டைசல்ஃபைடு போன்ற கந்தகச் சேர்மங்கள். இரண்டையும் ஒரே அட்டவணையில் 'பூண்டு' என்று எழுதாதீர்கள்.

செடியை அடையாளப்படுத்துதல்

ஆய்வேட்டில் முதல் கேள்வி இங்கேதான் வரும். பூவோடு ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் தென்மண்டல மையத்திலோ, திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்திலோ (உலர்தாவரச் சேமிப்பகம்) அடையாளச் சான்று வாங்கலாம். பறித்த மாதமும் இடமும் எழுதி வையுங்கள். மழைக்காலத் துளசியும் பங்குனி வெயிலில் நின்ற துளசியும் ஒரே எண்ணெயைத் தராது.

சாரம் எடுப்பது

துளசி, கறிவேப்பிலை போன்றவற்றை நிழலில் 7 முதல் 10 நாள் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் நிறமும் போகும், வாசனையும் போகும். இலை கையில் நொறுங்கும் பதம் வந்ததும் மிக்ஸியில் விட்டுவிட்டு அரையுங்கள். தொடர்ந்து ஓட்டினால் ஜார் சூடாகி எண்ணெய் ஆவியாகும். கற்பூரவல்லி உலராது, அழுகும். சதைப்பற்றான அந்த இலையைப் பறித்த அன்றே பயன்படுத்துங்கள். 5 கிராம் இலையைத் தனியாக 105 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்தினால் ஈர அளவு கிடைக்கும். விளைச்சலை உலர் எடைக்குக் கணக்கிட அது தேவைப்படும்.

1. 20 கிராம் தூளை 200 மி.லி. 80 சதவீத எத்தனாலில் போட்டு, மூடிய கூம்புக் குடுவையில் 48 மணி நேரம் ஷேக்கரில் நிமிடத்துக்கு 120 சுற்றில் வையுங்கள். ஷேக்கர் இல்லையென்றால் ஒரு நாளைக்கு நான்கைந்து முறை கையால் குலுக்குங்கள்.

2. மஸ்லின் துணியில் வடித்து, பிறகு வாட்மேன் 1 தாளில் வடிகட்டுங்கள். சக்கையில் இன்னும் 100 மி.லி. கரைப்பான் ஊற்றி ஒரு நாள் வைத்து அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. ரோட்டரி எவாப்பரேட்டரில் 40 டிகிரிக்கு மேல் போகாமல் கரைப்பானை நீக்குங்கள். எத்தனால் வாசனை அறவே போக வேண்டும். அது மிஞ்சினால் பாக்டீரியாவைக் கொன்றது மூலிகையா சாராயமா என்ற கேள்வி வரும். பிசுபிசுப்பான மிச்சத்தை முன்பே எடை பார்த்த கண்ணாடிக் குப்பியில் எடுத்து, டெசிக்கேட்டரில் எடை நிலைக்கும் வரை வையுங்கள்.

4. 100 மி.கி. சாரத்தை டிஎம்எஸ்ஓ-வில் (டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற கரைப்பான்) கரைத்து 1 மி.லி. ஆக்கினால் ஸ்டாக் தயார். 0.22 மைக்ரான் சிரிஞ்சு ஃபில்டரில் வடிகட்டுங்கள். ஃபில்டர் நைலானாகவோ டிஎம்எஸ்ஓ தாங்கும் பிடிஎஃப்இ-யாகவோ (டெஃப்லான்) இருக்கட்டும். செல்லுலோஸ் அசிடேட் ஃபில்டரை டிஎம்எஸ்ஓ அரித்துவிடும். ஸ்டாக்கைச் சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 20-ல் வையுங்கள்.

மெத்தனாலும் வேலை செய்யும். ஆனால் அது நஞ்சு. எத்தனாலில் எடுக்கக்கூடியதற்கு அதைத் தொடத் தேவையில்லை. தண்ணீரில் கொதிக்கவைத்த கஷாயம் இன்னொரு வகை: எண்ணெய்ப் பகுதி ஆவியோடு போய்விடும், மிஞ்சுவது டானினும் சர்க்கரையும். வெளியே வைத்தால் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். செய்த அன்றே சோதியுங்கள் அல்லது உறையவையுங்கள்.

எண்ணெய் வடித்தல்

நீராவியோடு வரும் எண்ணெயைப் பிரித்துச் சேர்க்கும் கிளெவெஞ்சர் என்ற கண்ணாடிக் கருவியில் செய்வது வழக்கம். 50 கிராம் ஓமத்தை வடிப்பதற்குச் சற்று முன் ஒன்றிரண்டாக இடித்து, 1 லிட்டர் உருண்டைக் குடுவையில் 500 மி.லி. காய்ச்சி வடித்த நீரோடு போடுங்கள். நாலைந்து பீங்கான் துண்டுகள் சேருங்கள். இல்லையென்றால் நீர் திடீரென்று பொங்கித் தூள் மேலே ஏறும். கொதி வந்ததிலிருந்து 3 மணி நேரம். நல்ல ஓமமானால் 1 முதல் 2 மி.லி. கிடைக்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் அடியில் தைமால் படிகங்கள் இறங்கலாம். நாட்டு மருந்துக் கடையில் ஓம உப்பு என்று விற்பது இதுதான். படிகத்தை விட்டுவிட்டு மேலே உள்ள எண்ணெயை மட்டும் எடுத்தால் வீரியமான பகுதியை விட்டுவிட்டீர்கள் என்று பொருள். 50 டிகிரி வெந்நீரில் மூடிய குப்பியை வைத்து உருக்கிக் கலக்கிய பிறகே எடுக்க வேண்டும்.

கிராம்பு இடறும் இடம் வேறு. அதன் எண்ணெய் தண்ணீரை விட அடர்த்தியானது. சாதாரண கிளெவெஞ்சரில் எண்ணெய் மேலே மிதக்கும், கீழுள்ள நீர் குடுவைக்குத் திரும்பும் என்ற அமைப்பு இருக்கிறது. கிராம்பு எண்ணெய் கீழே இறங்கி நீரோடு குடுவைக்கே திரும்பிவிடும். "மூன்று மணி நேரம் வடித்தும் ஒன்றும் வரவில்லை" என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். கன எண்ணெய்க்கான கிளெவெஞ்சர் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் சாதாரண கண்டன்சரில் வடித்து, பால் போல வரும் வடிநீரில் சமையல் உப்பைக் கரையும் மட்டும் கரைத்து, பிரிபுனலில் ஹெக்ஸேனால் இரண்டு முறை குலுக்கி எடுத்து, ஹெக்ஸேனை நீக்குங்கள். கிராம்புக்கு 4 முதல் 6 மணி நேரம் ஆகும். 25 கிராம் மொட்டில் 3 மி.லி. வரை எதிர்பார்க்கலாம். பட்டை எண்ணெயும் நீரை விடக் கொஞ்சம் கனம், அதே எச்சரிக்கை அதற்கும்.

கற்பூரவல்லி இலை பெரும்பாலும் தண்ணீர். 200 கிராம் போட்டாலும் சில துளிகளே வரும். குழாயின் சுவரில் ஒட்டுவதே பாதியாகிவிடும். இரண்டு மூன்று தடவை வடித்துச் சேர்க்கத் தயாராக இருங்கள்.

கிடைத்த எண்ணெயில் நீரற்ற சோடியம் சல்ஃபேட் ஒரு சிட்டிகை போட்டு ஈரத்தை நீக்கி, பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் விளிம்பு வரை நிரப்பி 4 டிகிரியில் வையுங்கள். பாதிக் குப்பி காற்று இருந்தால் எண்ணெய் மாசக்கணக்கில் ஆக்ஸிஜனேற்றம் அடையும்.

எண்ணெயைக் கடையில் வாங்கினால் ஒரு மலிவான சோதனை: 1 மி.லி. கிராம்பு எண்ணெயை எடை பாருங்கள். 1.04 முதல் 1.06 கிராம் இருக்க வேண்டும். 1 கிராமுக்குக் கீழே இருந்தால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது. வடிதாளில் ஒரு சொட்டு விட்டு இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். எண்ணெய்க் கறை ஊடுருவித் தெரிந்தால் சமையல் எண்ணெய் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். கூட்டுப்பொருள்களைத் தெரிந்துகொள்ள, அவற்றைப் பிரித்து அடையாளம் காட்டும் ஜிசி-எம்எஸ் கருவியே வழக்கமான வழி. ஒரே ஒரு மாதிரிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் கற்பூரவல்லிக்குச் செலவழியுங்கள். அதில்தான் மாற்றம் மிகுதி.

பாக்டீரியா

ஆஸ்பத்திரி லேபில் இருந்து யாரோ கொடுத்த கல்ச்சரில் முழு ஆய்வையும் செய்யாதீர்கள். சண்டிகரில் உள்ள எம்டிசிசி, புனேயில் உள்ள என்சிஐஎம் ஆகிய சேமிப்பகங்களில் அடையாளம் உறுதியான இனங்கள் கிடைக்கும். டிஸ்க் சோதனைக்கு ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ஏடிசிசி (அமெரிக்கச் சேமிப்பகம்) 25923, ஈ.கோலை ஏடிசிசி 25922, சூடோமோனாஸ் ஏருஜினோசா ஏடிசிசி 27853 அல்லது அவற்றுக்கு இணையானவை. இவற்றுக்கு ஆன்டிபயாடிக் வளைய அளவுகள் எவ்வளவு வர வேண்டும் என்று தரநிலை இருப்பதால்தான் இவை. ஆரியஸில் எம்ஐசி (வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவு) பார்க்க 29213 என்ற இனம் பொருத்தம்.

முதல் வடிகட்டல்: டிஸ்க் சோதனை

1966-ல் பாயர், கிர்பி உள்ளிட்டோர் ஒழுங்குபடுத்திய முறை. அதன் நுணுக்கங்களைக் கைவிட்டால் மிச்சமிருப்பது வெறும் வட்டம் வரைதல்.

முல்லர் ஹின்டன் அகார் லிட்டருக்கு 38 கிராம், 121 டிகிரியில் 15 நிமிடம். 90 மி.மீ. பிளேட்டில் 25 மி.லி. ஊற்றினால் 4 மி.மீ. தடிமன் வரும். இந்த 4 மி.மீ. முக்கியம். அகார் மெலிந்தால் வளையம் பெரிதாகும், தடித்தால் சிறுக்கும். மேசை சமமாக இல்லாவிட்டால் ஒரே பிளேட்டின் இரு பக்கத்தில் இரு அளவு வரும். ஊற்றும் முன் மேசையைச் சமமட்டக் கருவி வைத்துப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது, கலங்கலை வைத்து பாக்டீரியா எண்ணிக்கையைச் சரிசெய்ய உதவும் 0.5 மெக்ஃபார்லண்ட் அளவுகோல்: 1 சதவீத கந்தக அமிலம் 99.5 மி.லி., 1.175 சதவீத பேரியம் குளோரைடு 0.5 மி.லி. குலுக்கினால் லேசான கலங்கல். முந்தைய நாள் அகாரில் வளர்ந்த 4, 5 காலனிகளை உப்புநீரில் கலக்கி, ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் 625 நானோமீட்டரில் 0.08 முதல் 0.13 வரை கொண்டுவாருங்கள். மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 15 கோடி செல்கள் இருக்கும். கண்ணால் பார்த்தே ஒப்பிடுகிறவர்கள் பின்னால் ஒரு கறுப்புக் கோடு போட்ட வெள்ளைத் தாளை வைத்துக்கொள்ளுங்கள். கலங்கல் குறைந்தால் பாக்டீரியா குறைவு, வளையம் பொய்யாகப் பெரிதாகும். இந்த ஒரு படியில் சோம்பினால் மூன்று நாள் வேலையும் ஒன்றுக்கொன்று ஒப்பிட முடியாமல் போகும்.

தயாரித்த 15 நிமிடத்துக்குள் பருத்திக் குச்சியை நனைத்து, குழாயின் ஓரத்தில் பிழிந்து, மூன்று திசையில் பிளேட் முழுக்கத் தடவுங்கள். 3 நிமிடம் மூடி வைத்தபின், 6 மி.மீ. மலட்டு டிஸ்க்கை வைத்து அதன் மேல் 10 மைக்ரோலிட்டர் விடுங்கள். எண்ணெயை டிஸ்க்கில் விட்டு உலரவைக்காதீர்கள், உலர்வது என்றால் எண்ணெய் பறப்பது. சாரத்துக்கோ நேர் மாறு: கரைப்பான் போக உலர வேண்டும்.

ஒரு பிளேட்டில் நான்கு வெவ்வேறு எண்ணெய் வைப்பது மிகப் பரவலான பழக்கம், மிகக் கெட்ட பழக்கமும்கூட. மூடியுள் இருக்கும் ஆவி எல்லாரையும் பாதிக்கும். ஓம எண்ணெய் டிஸ்க்கின் பக்கத்தில் வைத்த கொத்தமல்லிச் சாரத்துக்கும் 'வளையம்' வரும். ஒரு பிளேட்டுக்கு ஒரே எண்ணெய். ஆன்டிபயாடிக் டிஸ்க்கும் தனிப் பிளேட்டில்.

ஒவ்வொரு முறையும் வைக்க வேண்டியவை: கரைப்பான் மட்டும் விட்ட டிஸ்க், ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் 10 மைக்ரோகிராம் உள்ள டிஸ்க். ஈ.கோலை 25922-க்கு ஜென்டாமைசின் வளையம் 19 முதல் 26 மி.மீ., ஆரியஸ் 25923-க்கு 19 முதல் 27 மி.மீ. வர வேண்டும். வரவில்லையென்றால் அன்றைய எண்ணெய் முடிவுகளையும் சேர்த்துக் கைவிடுங்கள். தவறு எங்கோ அகாரிலோ இனாகுலத்திலோ (தடவிய பாக்டீரியா கரைசல்) இருக்கிறது.

பிளேட்டைக் கவிழ்த்து 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம். 10 மைக்ரோலிட்டருக்கு மேல் விட்டிருந்தால் கவிழ்த்ததும் எண்ணெய் வழியலாம், அளவைக் கூட்டாதீர்கள். பிறகு பின்புறத்திலிருந்து அளவுகோலால் விட்டத்தை அளவிடுங்கள், டிஸ்க்கையும் சேர்த்து. ஆகவே 6 மி.மீ. என்றால் பூஜ்யம். எண்ணெய்க்கு ஓரம் கூர்மையாக இருக்காது, மங்கலான வளையம் வரும். முழுத் தெளிவு முடியும் இடத்தையே அளக்க வேண்டும். மங்கல் பகுதியைத் தனியாகக் குறித்துக்கொள்ளலாம்.

கிணறு முறையில் 6 மி.மீ. கார்க் போரரால் துளையிட்டு 50 மைக்ரோலிட்டர் விடுகிறார்கள். சாரத்துக்கு அது ஏற்றது. அகாரைத் தூக்கும்போது அடிப்பகுதி பிளேட்டிலிருந்து பிரிந்தால் திரவம் அடியில் ஓடிப் பரவும், வளையம் வட்டமாக இல்லாமல் நாக்கு நீட்டியதுபோல் வரும். துளையின் அடியில் ஒரு சொட்டு உருகிய அகார் விட்டு அடைத்தால் இது நிற்கும்.

இனி ஒரு கணக்கு. 10 மைக்ரோலிட்டர் கிராம்பு எண்ணெய் ஏறத்தாழ 10 மி.கி. ஜென்டாமைசின் டிஸ்க்கில் இருப்பது 10 மைக்ரோகிராம். ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டின் வளையங்களையும் ஒரே படத்தில் பட்டையாக வரைந்து 'எங்கள் எண்ணெய் ஆன்டிபயாடிக்கை மிஞ்சியது' என்று எழுதும் ஆய்வேடுகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. தேர்வாளர் இந்தக் கணக்கைக் கேட்டால் பதில் இல்லை. அந்த டிஸ்க் உங்கள் அகாரும் பாக்டீரியாவும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பதற்கு. எண்ணெயோடு பந்தயம் விட அல்ல.

ஆவியின் வேலையைத் தனியாகப் பார்க்க விரும்பினால், டிஸ்க்கை மூடியின் உட்புறத்தில் வைத்து எண்ணெய் விட்டு, பாக்டீரியா தடவிய அகாரை அதன் மேல் கவிழ்த்து பாராஃபிலிமால் ஒட்டுங்கள். தைமால் உள்ள எண்ணெய்கள் தொடாமலேயே வளர்ச்சியை நிறுத்துவதைப் பார்க்கலாம். அகாரில் வளையம் சிறியது, ஆவியில் பெரியது என்ற முரண் சிலவற்றில் வரும். கரைதிறன் குறைந்தாலும் ஆவியாதல் மிகுந்தவை அவை.

எம்ஐசி: உண்மையான எண்

டிஸ்க் எது வேலை செய்யும் என்று சொல்லும், எவ்வளவு வேண்டும் என்று சொல்லாது. அதற்கு 96 கிணற்றுத் தட்டில் நீர்த்தல் முறை. சாதாரண மலிவான தட்டு பாலிஸ்டைரின். நீர்க்காத கிராம்பு எண்ணெயோ பட்டை எண்ணெயோ பட்டால் அது இளகி மங்கும். அதனால் எண்ணெயை முதலில் கண்ணாடிக் குப்பியில் நீர்த்த பிறகே தட்டில் விடுங்கள்.

1. 400 மி.கி. எண்ணெயைக் கண்ணாடிக் குப்பியில் எடை பார்த்து, டிஎம்எஸ்ஓ சேர்த்து 1 மி.லி. ஆக்குங்கள். எண்ணெயை மைக்ரோலிட்டரில் எடுக்காமல் எடை பார்ப்பது நல்லது. பிசுபிசுப்பான எண்ணெய் டிப்பில் ஒட்டிக்கொள்ளும்.

2. முல்லர் ஹின்டன் பிராத் (திரவ வளர்ப்பு ஊடகம்), அயனி அளவு சரிசெய்தது, அதில் எண்ணெயை நீரில் கலக்க உதவும் ட்வீன் 80-ஐ 0.2 சதவீதம் கலந்து வையுங்கள். 980 மைக்ரோலிட்டர் பிராத்தில் 20 மைக்ரோலிட்டர் எண்ணெய்க் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வோர்டெக்ஸ் செய்யுங்கள். 8 மி.கி./மி.லி. பால்மம் (எண்ணெய்த் துளிகள் மிதக்கும் கலவை) கிடைக்கும், டிஎம்எஸ்ஓ 2 சதவீதத்துக்குள் இருக்கும்.

3. முதல் கிணற்றில் இந்தப் பால்மம் 200 மைக்ரோலிட்டர். 2 முதல் 10 வரை ட்வீன் கலந்த பிராத் 100 மைக்ரோலிட்டர். முதலிலிருந்து 100 எடுத்து இரண்டாவதில் போட்டு 8, 10 முறை உறிஞ்சி விட்டுக் கலந்து, அங்கிருந்து 100 எடுத்து மூன்றாவதில், இப்படிப் பத்தாவது வரை. கடைசி 100-ஐக் கொட்டிவிடுங்கள். ஒவ்வொரு படிக்கும் புது டிப். பழைய டிப்பின் சுவரில் ஒட்டிய எண்ணெய் பின்வரும் கிணறுகளுக்குப் போய், எம்ஐசி இருப்பதை விடக் குறைவாகக் காட்டும்.

4. 0.5 மெக்ஃபார்லண்ட் கரைசலை 150-க்கு 1 என்று சாதாரண பிராத்தில் நீர்த்து, 1 முதல் 11 வரையுள்ள கிணறுகளில் 100 மைக்ரோலிட்டர் விடுங்கள். கிணற்றில் மில்லிலிட்டருக்கு 5 லட்சம் செல்கள் வரும். எண்ணெய் அளவு இப்போது பாதியாகும்: 4, 2, 1, 0.5 என்று இறங்கி 0.0078 மி.கி./மி.லி. வரை. இந்தப் பாதியைக் கணக்கில் விட்டவர்கள் எம்ஐசியை இரட்டிப்பாக எழுதுகிறார்கள்.

5. 11-வது கிணறு எண்ணெய் இல்லாமல் டிஎம்எஸ்ஓ, ட்வீன், பாக்டீரியா. 12-வது பாக்டீரியா இல்லாத பிராத். சாரத்தைச் சோதித்தால் கூடுதலாக இன்னொரு வரிசை வேண்டும்: சாரம் உண்டு, பாக்டீரியா இல்லை. அதன் காரணம் கீழே வருகிறது.

6. ஒட்டும் படலத்தால் தட்டை இறுக்கி மூடி 35 டிகிரியில் 18 முதல் 20 மணி நேரம். ஆவி பக்கத்துக் கிணற்றுக்குத் தாவும். இரண்டு எண்ணெய்களை அடுத்தடுத்த வரிசையில் வைக்காமல் ஒரு வரிசையை வெறும் பிராத் நிரப்பி விடுங்கள். தட்டு கூடுதலாக இருந்தால் எண்ணெய்க்கு ஒரு தட்டே நல்லது.

இனாகுலம் சரிதானா என்று பார்க்க: பாக்டீரியா விட்ட உடனே 11-வது கிணற்றிலிருந்து 10 மைக்ரோலிட்டரை 10 மி.லி. உப்புநீரில் கலந்து, அதில் 100 மைக்ரோலிட்டரை அகாரில் பரப்புங்கள். மறுநாள் ஏறத்தாழ 50 காலனி வர வேண்டும். 5 வந்தாலும் 500 வந்தாலும் அன்றைய எம்ஐசி செல்லாது.

பால்மமே கலங்கலாக இருக்கும் என்பதால் வளர்ச்சியைக் கண்ணால் பார்க்க முடியாது. 0.015 சதவீத ரெசாசுரின் சாயம் 30 மைக்ரோலிட்டர் விட்டு 1 முதல் 4 மணி நேரம் வையுங்கள். நீலமாகவே இருந்தால் வளர்ச்சி இல்லை, இளஞ்சிவப்பானால் பாக்டீரியா உயிரோடு இருக்கிறது. நீலமாக இருக்கும் மிகக் குறைந்த அளவே எம்ஐசி. இரண்டு பொறிகள் உண்டு. மிக நேரம் விட்டால் சிவப்பும் போய் நிறமற்றதாகும், அதை 'தடுக்கப்பட்டது' என்று படிக்கக் கூடாது. இரண்டாவது, துளசி போன்ற பாலிஃபீனால் நிறைந்த சாரங்கள் பாக்டீரியா இல்லாமலேயே சாயத்தைச் சிவப்பாக்கும். சற்று முன் சொன்ன கூடுதல் வரிசை அதற்காகத்தான். அந்த வரிசையும் சிவந்தால் சாயத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு கிணற்றிலிருந்தும் அகாரில் தடவிப் பார்ப்பதே வழி.

ட்வீனைக் கூட்டினால் எண்ணெய் அழகாகக் கலக்கும், ஆனால் வீரியம் குறையும். ட்வீன் உருண்டைகள் ஃபீனால்களைத் தமக்குள் பிடித்துவைத்துக்கொள்ளும், பாக்டீரியாவுக்குக் கிடைப்பது குறையும். 0.5 சதவீதத்துக்கு மேல் போகாதீர்கள். எவ்வளவு போட்டீர்கள் என்பதை முறையில் எழுதாமல் விடாதீர்கள். தைமால் நீரில் கரைவதே லிட்டருக்கு 1 கிராம் அளவுதான். அதற்கு மேலுள்ள எண்கள் கரைசலுக்கானவை அல்ல, பால்மத்துக்கானவை.

கொல்கிறதா, வெறுமனே தடுக்கிறதா என்று பார்க்க, நீலமாக நின்ற கிணறுகளிலிருந்து 10 மைக்ரோலிட்டர் எடுத்து அகாரில் அகலப் பரப்புங்கள். இதைச் சாயம் விடாத இணைத் தட்டில் செய்வது சுத்தம். தொடக்கத்தில் அந்த 10 மைக்ரோலிட்டரில் 5000 செல்கள் இருந்தன, 5 அல்லது குறைவான காலனி என்றால் 99.9 சதவீதம் செத்துவிட்டன. சொட்டாகவே விட்டுவிட்டால் கூடவே வந்த எண்ணெய் அங்கேயும் தடுத்துக்கொண்டிருக்கும், கொன்றதுபோல் தெரியும்.

எண்களைப் படிப்பது

ஈ.கோலை 25922-க்கு ஜென்டாமைசின் எம்ஐசி மில்லிலிட்டருக்கு 0.25 முதல் 1 மைக்ரோகிராம். தைமால், கார்வக்ரால் மிகுந்த எண்ணெய்களுக்குச் சில நூறு மைக்ரோகிராம் வருவது இயல்பு. கிராம்புக்கு அதைவிடக் கூடலாம். கச்சாச் சாரத்தில் 100 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தால் உண்மையிலேயே கவனிக்கத்தக்கது, முதலில் திரும்பச் செய்யுங்கள். 1 மி.கி.க்கு மேல் என்றால் 'பலவீனம்' என்றே எழுதலாம். கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் இந்தப் பக்கம் விழுந்தால் ஆச்சரியமில்லை, அதை மறைக்கத் தேவையும் இல்லை.

உணவைப் பதப்படுத்தலாம் என்று அடுத்த வரியில் தாவ வேண்டாம். பிராத்தில் வேலை செய்த அளவு பாலிலோ இறைச்சியிலோ செய்யாது. கொழுப்பும் புரதமும் எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும், பத்து மடங்கிலிருந்து நூறு மடங்கு வரை கூடுதலாகத் தேவைப்படலாம். அந்த அளவு கிராம்பு எண்ணெய் போட்ட பன்னீரை யாரும் வாயில் வைக்க மாட்டார்கள். உடம்புக்குள் எடுப்பது இன்னும் தனிக் கேள்வி. வடித்த எண்ணெயைக் குடிப்பது, குறிப்பாகக் குழந்தைகளுக்குக் கொடுப்பது ஆபத்து. கிராம்பு எண்ணெய் சில மி.லி. உள்ளே போனாலே குழந்தையின் கல்லீரலைத் தாக்கியிருக்கிறது.

திரும்பச் செய்தல் பற்றி ஒரு சொல்: ஒரே தட்டில் மூன்று கிணறு வைத்தால் அது ஒரு சோதனைதான். மூன்று வெவ்வேறு நாள், புதிதாக வளர்த்த கல்ச்சர், புதிதாகத் தயாரித்த பால்மம். எம்ஐசி ஒரு படி மேலே கீழே போவது இந்த முறையின் இயல்பு. 0.25, 0.5, 0.25 என்று வந்தால் சராசரி 0.33 என்று எழுதாமல் நடு மதிப்பையோ வீச்சையோ எழுதுங்கள். தட்டில் இல்லாத அளவைச் சராசரி உண்டாக்கிவிடுகிறது.

கையுறை, குப்பை, மீதி

பட்டை எண்ணெய் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். நைட்ரைல் கையுறை போடுங்கள். தெறித்தால் முதலில் சமையல் எண்ணெயால் துடைத்து, பிறகு சோப்பு. வெறும் தண்ணீர் அதைப் பரப்பத்தான் செய்யும். எல்லாப் பிளேட்டும் தட்டும் 121 டிகிரியில் 30 நிமிடம் ஆட்டோகிளேவ் ஆன பிறகே வெளியே போக வேண்டும். நிறைய எண்ணெய் மிஞ்சிய குப்பியை ஆட்டோகிளேவில் வைக்காதீர்கள், அந்த அறையே ஒரு வாரம் கிராம்பு மணக்கும், அடுத்து வைக்கும் மீடியாவிலும் அது ஏறும்.

சோதித்த ஒவ்வொரு எண்ணெயிலும் 1 மி.லி., ஒவ்வொரு சாரத்திலும் 50 மி.கி. தனிக் குப்பியில், பறித்த தேதியும் வடித்த தேதியும் எழுதி மைனஸ் 20-ல் போட்டு வையுங்கள். வைவா அன்று ஜிசி-எம்எஸ் எங்கே என்று கேட்கும்போது, சோதித்த அதே எண்ணெயை அனுப்ப அது ஒன்றுதான் இருக்கும்.